மருந்துக்கு முன் புழுவை அறிவோம்

அங்கத்தினர் ஒருவரின் தோப்பில் மரத்தைத் துளைக்கும் புழு காணப்பட்டது என்ற செய்தி வந்தவுடன், நம் சங்கங்களில் முதலில் எழும் கேள்வி, "எந்த மருந்து அடிக்கலாம்?" என்பதே. "அது எந்தப் புழு?" என்று கேட்போர் அரியர். வைத்தியர் நோயாளியைப் பாராமலே மருந்துச் சீட்டு எழுதினால் நாம் ஒப்புவோமா? மரத்துக்கு மட்டும் அதனை ஒப்புகிறோம். இவ்வரிசை தலைகீழானது என்பதும், அதனை நேர்செய்தல் தனி விவசாயியின் பொறுப்பு மட்டுமன்று, சங்கத்தின் பொறுப்பும் ஆகும் என்பதுமே இங்கு நாம் சொல்ல வந்த கருத்து.

நெல்லில் பூச்சி விழுந்தால் ஒரு போகம் நஷ்டம். மாவிலும் முந்திரியிலும் துளைப்பான் விழுந்தால் நஷ்டமாவது பல ஆண்டுகளின் உழைப்பு. பட்டுப்போன மரத்தின் இடத்தில் மறுநாளே கன்று நட்டாலும், அது பழைய மரத்தின் பலனைத் தருவதற்குள் வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்து பள்ளியை முடித்துவிடும். ஆதலின் இது சிறு பூச்சியைப் பற்றிய சிறு பேச்சு என்று அங்கத்தினர் எண்ணற்க.

வண்டு சில நாள், புழு பல நாள்

தன் உடலின் நீளத்தை ஒத்தோ அதனை மிஞ்சியோ நீண்ட உணர்கொம்புகளை உடைய வண்டினத்தை நீள்கொம்பு வண்டு என்கிறோம். உலகில் இவ்வினத்தில் 35,000-க்கு மேற்பட்ட வகைகள் விவரிக்கப்பட்டுள்ளன. வண்டாக இவை வெளியில் திரியும் காலம் குறுகியது. புழுவாக மரத்தினுள் வாழும் காலமோ மாதக்கணக்கில் நீள்வது. சில வகைகளில் ஆண்டுக்கணக்கிலும் நீளும். எனவே விவசாயி உளியும் கத்தியும் கொண்டு பட்டையைப் பிளக்கும்போது சந்திப்பது பெரும்பாலும் புழுவைத்தான். அவ்வெள்ளைப் புழுவுக்கோ வண்டின் நிறமும் இல்லை, கொம்பும் இல்லை. எல்லாப் புழுவும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

புழுவின் உருவத்தைக் கொண்டே இனத்தை அறியும் முயற்சி நம் நாட்டில் புதியதன்று. 1906-இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கார்ட்னர் என்னும் அறிஞர் இந்திய வண்டுகளின் இளம் பருவங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து விவரித்தார். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி டி. வி. இராமகிருஷ்ண ஐயர் எழுதிய கைநூல் 1940-இல் வெளிவந்தது. இந்த அறிவு நூலகங்களில் இருக்கிறது. தோப்பின் வேலிக்கு உள்ளே வந்து சேர்ந்திருப்பது அதில் ஒரு சிறு பங்கே.

நான்கு கேள்விகள்

வகையின் பெயரைத் துல்லியமாகச் சொல்லுதல் கற்றோருக்கும் எளிதன்று. ஆயினும் எந்த இனம் என்று சொல்லுதல், கூர்ந்த கண்ணும் ஒரு பூதக்கண்ணாடியும் உடைய எவர்க்கும் இயலும். புழுவைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி, கால்களைப் பற்றியது. மார்பில் மூன்று இணைக் கால்களும், வயிற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகளோடு கூடிய சதைக் கால்களும் காணப்பட்டால், அது வண்டின் புழு அன்று, அந்துப்பூச்சியின் புழு. பட்டையின் மேல் நூலும் எச்சமும் கலந்த நாடாவைப் பின்னி அதனடியில் ஒளிந்திருந்து பட்டையைத் தின்னும் புழு இவ்வகையினது. காபிச் செடியின் தண்டினுள் இருக்கும் சிவப்புத் துளைப்பானும் அத்தகையதே.

இரண்டாவது, உடலின் வளைவு. பிறை போல வளைந்து, மார்பில் நன்கு வளர்ந்த ஆறு கால்களுடன் இருப்பது காண்டாமிருக வண்டின் இனத்தைச் சேர்ந்த புழு. இது எருக்குழியிலும் மட்கிய பொருளிலும் வளர்வது. உயிருள்ள மாவையோ முந்திரியையோ துளைப்பதன்று. கால்களே இன்றி, நடுவுடல் பருத்து வளைந்து, பழுப்பு நிறத் தலை வெளியே தெளிவாகத் தெரிய இருந்தால் அது கூன்வண்டின் புழு. தென்னையின் தண்டில் நாம் அஞ்சும் சிவப்புக் கூன்வண்டு இவ்வினம்.

மூன்றாவது, கழுத்து. உடல் நேராக நீண்டு, கால்கள் இன்றியோ கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுத்தோ இருந்தால், தலைக்குப் பின்னுள்ள பகுதியை நோக்க வேண்டும். அப்பகுதி நாகத்தின் படம் போல அகன்று தட்டையாகி, பின்னுடல் வார் போல ஒடுங்கி, படத்தின் முதுகில் கவிழ்ந்த ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற கீற்றும் இருந்தால், அது பொன்வண்டு இனத்தின் புழு. சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்து விளையாடும் அதே பொன்வண்டின் உறவுதான். மாறாக, கழுத்துப் பகுதி அகன்றிருந்தும் தட்டையாகாமல் பருமனாக இருந்து, தலையின் பெரும்பகுதி அதனுள் இழுக்கப்பட்டுக் கறுத்த தாடைகள் மட்டும் முன்னே தெரிந்து, வயிற்றுக் கணுக்களின் மேலும் கீழும் சதைத் திட்டுகள் புடைத்திருந்தால், அதுவே நீள்கொம்பு வண்டின் புழு. கால் செய்ய வேண்டிய வேலையை அத்திட்டுகள் செய்கின்றன. துளையின் இரு சுவரிலும் அவற்றை ஊன்றிக்கொண்டே புழு முன்னும் பின்னும் நகர்கிறது.

நான்காவது, இடமும் எச்சமும். மரத்தின் எப்பகுதியில் புழு இருந்தது? துளையிலிருந்து சக்கை வெளியே தள்ளப்படுகிறதா, உள்ளேயே இறுக அடைக்கப்படுகிறதா? அது நார் நாராக இருக்கிறதா, மணி மணியாக இருக்கிறதா, மாவு போல இருக்கிறதா? புழுவைக் காணுமுன்னரே பாதி விடையை இச்சக்கை சொல்லிவிடும்.

இவற்றோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீள்கொம்பு வண்டுகளில் பல, பட்ட மரத்தையும் நலிந்த கிளையையும் மட்டுமே நாடி வாழ்வன. கட்டையை மண்ணாக்கும் நற்பணியைச் செய்வன. ஆகவே பட்ட மரத்தில் கண்ட புழுவே அம்மரத்தைக் கொன்ற புழு என்று தீர்ப்பளித்தல் கூடாது. பிணத்தைச் சுற்றி நிற்பவர் எல்லோரும் கொலையாளிகள் ஆகமாட்டார்கள்.

முந்திரி, மா, காபி

இந்த அறிவு எவ்வளவு பயன்படும் என்பதற்கு நம் மூன்று பயிர்களே சான்று.

முந்திரியைத் தாக்கும் தண்டு, வேர்த் துளைப்பான் செம்பழுப்பு நிறமான நீள்கொம்பு வண்டு. அடிமரத்தின் பட்டை வெடிப்புகளிலும், மண்ணுக்கு மேல் தெரியும் வேர்களிலும் முட்டையிடுகிறது. புழு பட்டையின் அடியில் உள்ள உயிர்த்தசையைச் சுற்றிச் சுற்றித் தின்கிறது. அடிமரத்தில் பிசினோடு சக்கை கலந்து வடிவதே முதல் அடையாளம். முற்றிய புழு, சுண்ணாம்பு கலந்த கூட்டைக் கட்டிக்கொண்டு அதனுள் கூட்டுப்புழுவாகிறது. முட்டை ஓட்டைப் போன்ற அக்கூட்டைக் கண்டால் ஐயமே வேண்டா. இலை மஞ்சளாகும் வரை காத்திருப்பவர் மரத்தை இழந்தவரே ஆவர். ஏனெனில் பட்டையின் சுற்றளவில் பாதிக்கு மேல் அழிந்த மரம் பிழைப்பதில்லை. தொடக்கத்திலேயே கண்டு, உளியால் பட்டையைச் செதுக்கிப் புழுக்களைப் பொறுக்கி எடுத்து, காயத்தில் ஐந்து சத வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசினால் மரத்தைக் காக்கலாம். 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல் கடலூர்ப் பகுதியின் முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. புயலை எவரும் நிறுத்த இயலாது. பிசின் வடியும் அடிமரத்தைக் குனிந்து பார்த்தல் எவருக்கும் இயலும்.

மாவைத் துளைப்பது வேறொரு பெரிய வண்டு. சாம்பல் நிற உடலும், கழுத்தில் சிறுநீரக வடிவான இரு மஞ்சட் புள்ளிகளும் கொண்டது. அதன் புழு முற்றும்போது ஏறக்குறைய ஒன்பது, பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; முற்றிலும் காலற்றது. அத்தி, பலா, இலவம் ஆகியவற்றையும், பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரியையும் கூட இது விடுவதில்லை. பட்டு நெய்யும் அங்கத்தினர் இதனை மாந்தோப்புக்காரரின் தொல்லை என்று ஒதுக்க வேண்டா. துளையிலிருந்து சக்கை வெளியே தள்ளப்படுவதால், கொக்கியாக வளைத்த கம்பியை உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுக்க இடமுண்டு.

காபியில் நிலைமை மாறுகிறது. சேர்வராயன், கீழ்ப்பழனி மலைகளில் அரபிக்கா வளர்ப்போர் அஞ்சும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான், தான் தின்ற சக்கையைத் துளைக்குள்ளேயே இறுக அடைத்துக்கொண்டு போகிறது. வெளியே துளையும் இல்லை, தூளும் இல்லை. பட்டையின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு வரம்புகளே அடையாளம். சிவப்புத் துளைப்பானோ தண்டின் அடியில் மணி மணியாக எச்சத்தை உதிர்க்கும். முன்னதை உடைய செடியை வேரோடு பிடுங்கி எரித்தாக வேண்டும். பின்னதற்குத் தாக்குண்ட கிளையைக் கழித்து அழித்தாலே பெரும்பாலும் போதும். புழுவை அறியாதவர் பிடுங்க வேண்டியதைக் கழிப்பார், கழிக்க வேண்டியதைப் பிடுங்குவார். இரண்டிலும் கை நஷ்டம் அவருடையதே.

தறிமரத்தின் செய்தி

நெசவாளர் வீட்டிலும் இக்கேள்வி உண்டு. புதிதாகச் செய்த தறியின் காலிலோ படைமரத்திலோ ஒரு துளை தெரிந்தவுடன், தறி முழுவதும் உளுத்துவிடும் என்று கலங்குவோர் உளர். பச்சை மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டுகளிற் பெரும்பாலானவை, மரம் அறுபட்டுக் காய்ந்த பின் அதில் மீண்டும் முட்டையிடுவதில்லை. பெரிய முட்டைவடிவத் துளை இருந்து, புதிய தூள் உதிராதிருந்தால், அது மரம் காட்டில் நின்ற காலத்து வடு என்று பெரும்பாலும் கொள்ளலாம். உலர்ந்த மரத்தையே தேடி முட்டையிட்டுப் பல ஆண்டு உள்ளிருந்து தின்னும் நீள்கொம்பு வண்டு ஒன்றும் இந்தியாவில் உண்டாதலின், முடிவு செய்யுமுன் துளையின் கீழ்க் காகிதம் விரித்துச் சில நாள் பார்த்தல் நன்று. குண்டூசித் துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டினால் அது வேறொரு சிறு வண்டின் வேலை. அவ்வண்டு தின்பது மரத்தின் வெளிற்றையே. வைரத்தை அது தொடுவதில்லை. எனவே தறிக்கு மரம் வாங்கும்போதே வெளிறு நீக்கிய மரத்தைக் கேட்டு வாங்குதல் எல்லா மருந்தினும் சிறந்த காப்பு.

மருந்து போதாதா?

"புழு எதுவாயிருந்தால் என்ன? வலுவான மருந்து எல்லாவற்றையும் கொன்றுவிடுமே" என்று வாதிப்போர் உளர். வேலை மிகுந்தவரின் வாதம் அது. அதனை எள்ளுதல் தகாது. விடை மட்டும் சொல்வோம்.

முதலாவது, இலையில் தெளிக்கும் மருந்து மரத்தினுள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை. காசு தெளிபடும், புழு தின்றுகொண்டே இருக்கும். அதே மருந்து பூவை நாடி வரும் தேனீயை எட்டிவிடும். பூச்சிகளின் துணையால் காய்க்கும் மாவிலும் முந்திரியிலும் இது இரட்டை நஷ்டம்.

இரண்டாவது, இன்று வலுவானது என்னும் மருந்து நாளை தடை செய்யப்படுகிறது. காபித் தண்டில் பூசப்பட்டு வந்த லிண்டேனின் உபயோகம் நம் நாட்டில் 2013-இல் முற்றும் தடையாயிற்று. முந்திரி அடிமரத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டு வந்த கார்பரில் 2018-இல் தடை செய்யப்பட்டது. மனிதனுக்கும் கேடு செய்தமையால் போயின, போனதில் வருத்தமில்லை. ஆனால் அம்மருந்தின் பெயரை மட்டுமே கற்றிருந்தவர் வெறுங்கையராய் நின்றார். புழுவைக் கற்றிருந்தவருக்கு உளியும் கண்ணும் எஞ்சின. அவற்றை எந்தச் சட்டமும் தடை செய்யாது.

மூன்றாவது, தவறான பெயர் தவறான சிகிச்சையைத் தரும். சிவப்புக் கூன்வண்டுக்கு வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை மாந்தோப்பில் வைத்தால் மாவின் துளைப்பான் அதைத் திரும்பியும் பாராது. பொன்வண்டுப் புழு விழும் மரம் பெரும்பாலும் வறட்சியாலோ வெயிற்காயத்தாலோ முன்னரே நலிந்த மரம். அங்கு மருந்தைவிட நீர்தான் தேவை.

சங்கம் செய்யத்தக்கவை

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வண்டுக்கு வரப்புத் தெரியாது என்பதே விடை. ஒருவர் தம் தோப்பைச் சுத்தமாக வைத்து, அடுத்தவர் பட்ட முந்திரியை விறகு விலை ஏறும்வரை அப்படியே நிறுத்தி வைத்தால், அதனுள்ளிருந்து புறப்படும் வண்டு இருவருக்கும் பொது. தனி மனிதரால் தீராதவற்றுக்கென்றே கூட்டுறவு பிறந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் முன்னோர் கடனுக்காக ஒன்றுசேர்ந்தனர். மரத்தைக் காக்க நாம் ஒன்றுசேர்தல் அதன் தொடர்ச்சியே.

ஆகவே நிர்வாகக் குழுக்களின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று, சங்க அலுவலகத்தில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு புழு அலமாரியும் இருக்கட்டும். பிடித்த புழுவைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு, பின் எழுபது சத ஸ்பிரிட்டில் போட்டால் கறுக்காமல் நிற்கும். எந்த மரம், மரத்தின் எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டியினுள்ளேயே இட வேண்டும். சீட்டில்லாத புழு விலாசமில்லாத கடிதம். ஐயமானவற்றைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பலாம். புழுவின் மரபணுவைக் கொண்டே வகையை அறியும் முறையும் இன்று உண்டு. சில புழுக்களை அவை இருந்த கட்டையோடு வலைக்கூண்டில் வைத்து வண்டாகும்வரை காத்திருத்தல் பழைய முறை. இன்றும் அது பொய்ப்பதில்லை.

இரண்டு, ஊருக்கு ஒரு இளைஞரையோ இளம்பெண்ணையோ தெரிந்தெடுத்து, பூதக்கண்ணாடியும் உளியும் கொடுத்து, நான்கு கேள்விகளையும் பழக்கி, பார்க்கும் தோப்புக்கு இவ்வளவு என்று கூலியும் கொடுக்க வேண்டும். இலவச சேவை என்றால் இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

மூன்று, ஆண்டுக்கு இருமுறை எல்லாத் தோப்புகளையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். காபித் தோட்டங்களில் வண்டு பறக்கும் பருவங்களுக்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தாக்குண்ட செடிகளைத் தேடும் வழக்கம் நமக்கு நல்ல முன்மாதிரி.

நான்காவதே கடினமானது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பிழைக்காது என்று கண்ட மரத்தை வெட்டி அகற்றச் சொன்னால் ஏழை அங்கத்தினர் தயங்குகிறார். அந்த மரம் இவ்வாண்டும் நாலு கிலோ கொட்டை தரும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை. அவருடைய நாலு கிலோவை அவரே இழந்து அயலார் தோப்பைக் காக்க வேண்டும் என்று நாம் கேட்பதிலேதான் பிழை இருக்கிறது. ஊர் நன்மைக்காக ஒருவர் இழப்பதை ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும். துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், சங்கத்தின் லாபத்திலிருந்து ஒரு சிறு நிதியை ஒதுக்கி, அகற்றிய மரத்துக்கு ஓராண்டு விளைச்சலின் மதிப்பும் ஒரு நல்ல ஒட்டுக் கன்றும் கொடுக்கலாம். துணைவிதிகள் இடங்கொடாவிடின், அவற்றைத் திருத்தும் அதிகாரம் பொதுப்பேரவைக்கு உண்டு. மருந்துக்குச் செலவிடத் தயங்காத நாம் இதற்கு ஏன் தயங்க வேண்டும்?

அடுத்த பொதுப்பேரவைக்கு வரும் அங்கத்தினர், தம் தோப்பில் கண்ட புழு ஒன்றைச் சீட்டெழுதிய புட்டியில் கொண்டுவரட்டும். தலைவர் வரவு செலவைப் படிக்குமுன், மேசைமேல் அப்புட்டிகளை வரிசையாக வைத்து, கால், வளைவு, கழுத்து, எச்சம் என்று பார்ப்போம். எந்த மருந்து வாங்குவது, வாங்கவே வேண்டுமா என்ற தீர்மானம் அதன் பிறகு வரட்டும்.